நீர் நிற்கும் நேரம் – கயாக்கில் நண்டு பிடிப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கடல் ஏறி இறங்கும் ஆறுகளில் கயாக்கில் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகு) போய் நண்டு பிடிப்பதைப் பற்றிப் போன இதழில் சின்னதாக ஒரு பதில் எழுதினேன், அதைத் தொடர்ந்து கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்குத்தான் அதிக இடம், மற்றதெல்லாம் சுருக்கமாக.

கேள்வி: நண்டு எப்போது நன்றாக விழும்? கடல்நீர் ஏறும் ஏற்றத்தில் என்கிறார் ஒருவர், வடியும்போது என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பலாம், இரண்டிலும் விழும். ஆனால் கயாக்கில் போகிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, நீர் என்னை எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும் என்பது. மோட்டார் வைத்த படகில் இருப்பவர் தப்புக்கணக்குப் போட்டாலும் இன்ஜினை முடுக்கித் திரும்பிவிடுவார். நம்மிடம் இருப்பது கையும் துடுப்பும் மட்டும்தான். சாதாரண ஆள் ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் விடாமல் துடுப்புப் போட்டாலே பெரிய விஷயம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் குறுகலான ஆற்றில் நீர் வடிகிற வேகம் அதைச் சுலபமாகத் தொட்டுவிடும், சில இடங்களில் தாண்டியும் போகும். அப்புறம் எவ்வளவு துடுப்புப் போட்டாலும் கரையில் தெரிகிற மரம் பக்கத்திலேயே நிற்கும்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது ஏற ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், இறங்க அதே அளவு. இந்த ஆறு மணி நேரமும் நீர் ஒரே சீராக ஓடாது. மாலுமிகள் வைத்திருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, கடைசியில் ஒன்று. நடுவில் இருக்கும் இரண்டே மணி நேரத்தில் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடுகிறது, பாருங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில், அதுவும் வடியும்போது, கயாக்கில் உட்கார்ந்து கூடு (இரை வைத்து ஆற்றடியில் இறக்கும் நண்டுப் பொறி) தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

நான் சொல்லும் முறை இதுதான். முகத்துவாரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி ஓர் இடத்தில் இறங்குங்கள். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் கிளம்பி, நீர் தள்ளும் போக்கிலேயே ஆற்றின் மேல்பக்கம் போய்க் கூடுகளைப் போடுங்கள். நீர் ஏறி முடித்து நிற்கும் நேரத்தில் தூக்குங்கள். வடிய ஆரம்பித்ததும் அந்த முதல் மணியின் மெதுவான ஓட்டமே உங்களை இறங்கிய துறைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். நடுவில் கை வலித்தாலும், துடுப்பு நழுவிப் போனாலும், ஏற்றம் உங்களை உள்ளேதான் தள்ளும், கடலுக்கு இழுக்காது. துறைக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு வடியும் நீரில் நண்டு பிடிக்காதீர்கள், அங்கே எவ்வளவு நண்டு இருந்தாலும் சரி. வடியும் நீர் வெளியே போகிற இடத்தில் காற்றும் அலையும் எதிரே வந்தால், தூரத்தில் சாந்தமாகத் தெரிந்த தண்ணீர் செங்குத்தான அலைகளாக எழும்பி நிற்கும். கயாக்குக்கு அங்கே வேலை இல்லை.

நண்டு விழுவதற்கும் இந்த நேரம் பொருத்தமாகவே இருக்கிறது. நண்டு இரையைப் பெரும்பாலும் வாசனையில்தான் கண்டுபிடிக்கிறது, கண்ணுக்கு நடுவே இருக்கும் குட்டி உணர்கொம்புகளை விடாமல் ஆட்டி ஆட்டி நீரை முகர்ந்துகொண்டே, ஓட்டத்துக்கு எதிராக, வாசனை வரும் திசையை நோக்கி நடந்து வரும். ஓட்டம் கடுமையாக இருந்தால் பல நண்டுகள் மண்ணில் பதுங்கிவிடும், வாசனையும் கலைந்து போகும். ஓட்டம் குறைந்து நிற்கப்போகும் நேரத்தில்தான் தாராளமாக நடமாடும்.

இன்னொன்று. கடல் ஏறி இறங்கும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையில் இருக்கும் நேரம் பெரும்பாலும் முகத்துவாரத்துக்கோ பக்கத்துத் துறைமுகத்துக்கோ உரியது. ஆற்றுக்குள்ளே போகப்போக ஏற்றம் தாமதமாக வரும், நீர்மட்டம் உச்சிக்கு வந்த நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால் கடிகாரத்தைப் பார்ப்பதோடு கூட்டின் கயிற்று நுனியில் கட்டிய மிதவையையும் பாருங்கள். ஓட்டம் இருக்கும்வரை கயிற்றை இழுத்துக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து, பின்னால் நீரில் ஒரு கோடு விழும். கோடு மறைந்து மிதவை தளர்ந்து நின்றால் அதுதான் உங்கள் நேரம்.

கேள்வி: கூட்டின் கயிற்றைக் கயாக்கின் பக்கப்பிடியில் கட்டிவிட்டுக் காத்திருக்கலாமா? தூக்கும்போது கயாக் பயங்கரமாக ஆடுகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

கட்டவே கட்டாதீர்கள். அடியில் கனமான கூடு, மேலே ஓடும் நீர், நடுவில் பக்கவாட்டில் கட்டின கயாக். ஓட்டம் கூடக்கூட கயிறு கட்டின பக்கம் அமுங்கும், அந்தப் பக்க விளிம்பு தண்ணீருக்குள் போனதும் ஒரே நொடியில் கவிழ்ந்துவிடும். இறுகின முடிச்சை அந்த நேரத்தில் அவிழ்க்க முடியாது. ஒரே இடத்தில் நிற்க வேண்டுமென்றால் நங்கூரத்தை முனையிலோ வாலிலோ மட்டும் கட்டுங்கள், அதுவும் இழுத்தவுடன் கழன்றுவிடும் முடிச்சாக. கத்தி ஒன்று உடம்போடு இருக்க வேண்டும், பையில் இருக்கும் கத்தி பயன்படாது. கயிறு விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம், இந்த வேலையில் ஒருவரை நீருக்கடியில் பிடித்து வைக்கக்கூடிய பொருள் அதுதான்.

தூக்குவதற்கு வருவோம். மிதவைக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து, அதாவது ஓட்டத்துக்கு எதிராக, மெல்ல அணுகுங்கள். மேல்பக்கமிருந்து வந்தால் நீர் உங்களைக் கயிற்றின் மேல் ஏற்றிவிடும். மிதவை இடுப்புக்குப் பக்கத்தில் வந்ததும் துடுப்பை மடியில் போட்டு (அது கயாக்கோடு ஒரு நாடாவால் கட்டியிருக்கட்டும்), மேலே உட்காரும் வகைக் கயாக் என்றால் இரண்டு காலையும் இரண்டு பக்கமும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். அதிலேயே பாதி ஆட்டம் அடங்கிவிடும். கயிற்றைக் கைமாற்றி மாற்றி இழுங்கள், இழுத்த கயிறு காலைச் சுற்றாமல் ஒரு வாளிக்குள் விழட்டும். முக்கியமாக, எட்டிப் பார்க்காதீர்கள். கூடு மேலே வரும்போது என்ன விழுந்திருக்கிறது என்று தலையை வெளியே நீட்டுவது எல்லோருக்கும் வரும் ஆசை, தலை விளிம்பைத் தாண்டின அந்தக் கணத்தில்தான் ஆட்கள் கவிழ்கிறார்கள். மூக்கு எப்போதும் கயாக்கின் நடுக்கோட்டுக்கு மேலே இருக்கட்டும், கூட்டை உங்களிடம் கொண்டுவாருங்கள், நீங்கள் கூட்டிடம் போகாதீர்கள். தண்ணீருக்கு மேலே வந்ததும் ஒரு மூச்சு நிறுத்தி நீர் வடியவிட்டால் எடை கொஞ்சம் குறையும், அப்புறம் தொடைமேல் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

கூடு இழுக்க வராமல் அடியில் சிக்கியிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். விட்டுவிடுங்கள், நீர் மாறினதும் எதிர்ப்பக்கமிருந்து இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

கேள்வி: மூடிய கூடு நல்லதா, வளைய வலை நல்லதா?

கயாக்குக்கு வளைய வலைதான் என் தேர்வு. தரையில் தட்டையாகப் படுத்திருக்கும், தூக்கும்போது ஓரம் எழும்பிக் கிண்ணமாகிவிடும், எடை குறைவு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தூக்க வேண்டும், முதல் இழுப்பு வேகமாக இருக்க வேண்டும், தயங்கினால் நண்டு ஓரம் ஏறிப் போய்விடும். ஆனால் பக்கத்திலேயே இருந்து தூக்குவதால் தேவையில்லாத உயிர் எதுவும் மாட்டிச் சாகாது, எனக்கு அது முக்கியம்.

மூடிய கூட்டில் உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை, அதனால் நேரம் விட்டு வந்து எடுக்கலாம். அப்படி வைப்பவர்கள் சின்ன நண்டு வெளியேற வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். உவர்நீர் ஆமைகள் வாழும் ஆறுகளில் வாயிலில் ஆமை நுழையாதபடி ஒரு சட்டகமும் வேண்டும். ஆமைக்கு மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும், கூட்டுக்குள் மாட்டினால் மூழ்கிச் சாகும். அமெரிக்காவின் மேரிலாந்து, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் இந்தச் சட்டகத்தை விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: கயிறு எவ்வளவு நீளம்? என் மிதவை ஒரு முறை தண்ணீருக்குள் போய்விட்டது.

குறைந்த நீரில் ஆழம் பார்த்துக் கயிறு அளந்திருப்பீர்கள். ஏற்றத்தின் உச்சியில் எவ்வளவு ஆழமோ அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள். மிதக்கும் வகைக் கயிறு வேண்டாம், நீர் குறைந்ததும் மிச்சக் கயிறு மேலே பாம்பு மாதிரி நெளிந்து யாருடைய இன்ஜினிலாவது சுற்றும். நைலான் தானாக அமிழும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், அதுதான் கையில் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு சின்ன எடையைக் கோத்துவிடுங்கள். படகு போகும் கால்வாயின் நடுவே போடாமல் அதன் ஓரச் சரிவில் போடுங்கள், நண்டும் அந்தச் சரிவைப் பிடித்துத்தான் நடக்கும்.

கேள்வி: நல்ல மழைக்கு அப்புறம் போனேன், வழக்கமான இடத்தில் ஒன்றுகூட இல்லை. நண்டு எங்கே போகிறது?

உப்பைத் தேடிப் போகிறது. பெருமழையில் நன்னீர் திடீரென்று இறங்கும்போது பல நண்டுகள் முகத்துவாரம் பக்கம் நகர்ந்துவிடும். எல்லாம் போய்விடும் என்றில்லை. நன்னீர் லேசானது, மேலே ஓடும், உப்புநீர் கனமாகையால் அடியில் ஆப்பு மாதிரி உள்ளே நுழைந்து கிடக்கும். அதனால் மேல்நீரை வாயில் வைத்துப் பார்த்து உப்பில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆழமான வளைவுகளிலும் பள்ளங்களிலும் போட்டுப் பாருங்கள், மேடான இடத்தில் ஒன்றும் இல்லாத நாளிலும் அங்கே இருக்கும்.

ஆனால் முதல் சில நாள் போகாமல் இருப்பதே நல்லது. மழைநீர் சேர்ந்தால் வடியும் ஓட்டம் வேகமாகும், நீண்ட நேரம் நீடிக்கும், ஏற்றம் பலவீனமாகும். மேலே நான் சொன்ன கணக்கு எதுவும் அப்போது செல்லாது. மிதந்து வரும் மரக்கிளைகள் வேறு. பாலத்தின் தூணிலோ, நிறுத்திவைத்த படகின் நங்கூரக் கயிற்றிலோ நீர் உங்களைப் பக்கவாட்டில் அடித்துச் சேர்த்தால், விலகிச் சாயத்தான் உடம்பு சொல்லும். விலகினால் மேல்பக்க விளிம்பு அமுங்கி நீர் உள்ளே புகுந்துவிடும். தூணைக் கட்டிக்கொள்வது போல அதை நோக்கிச் சாயுங்கள், பிறகு கையால் தள்ளித் தள்ளி ஒரு முனைக்கு நகருங்கள்.

கேள்வி: இரை அழுகியிருந்தால்தான் நண்டுக்குப் பிடிக்கும் என்கிறார்களே?

புதிதாக இருந்தால் இன்னும் பிடிக்கும். எண்ணெய்ச் சத்துள்ள மீனின் தலையும் முள்ளும் நல்ல இரை, கோழிக் கழுத்தும் விழும். நீர்நாய், கடல்நாய் இருக்கும் இடங்களில் மீன் இரையைப் பிய்த்துப் போய்விடும் என்பதால் பலர் கோழிக்கே மாறிவிடுகிறார்கள். இரையை வலைப்பையில் போட்டுக் கூட்டின் நடுவில் இறுக்கிக் கட்டுங்கள், ஓரத்தில் இருந்தால் நண்டு வெளியே நின்றே தின்றுவிடும்.

கேள்வி: எதை எடுக்கலாம், எதை விட வேண்டும்? ஆண், பெண் எப்படிப் பார்ப்பது?

நண்டைப் பின்பக்கமாக, கடைசிக் கால்கள் உடம்போடு சேரும் இடத்தில் பிடித்துத் திருப்புங்கள், கொடுக்கு அங்கே எட்டாது. வயிற்றில் ஒரு மடல் மடங்கிப் படிந்திருக்கும். ஒல்லியாகக் கூம்பிப் போனால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். பெண்ணின் மடலுக்கு அடியில் கடற்பஞ்சு போல முட்டைக் கொத்து இருந்தால் ஒரு நொடியும் யோசிக்காமல் தண்ணீரில் விடுங்கள். வீசாமல், விளிம்பில் வைத்து நழுவவிடுங்கள்.

அப்புறம் நண்டின் ஓடு கெட்டியா என்று அழுத்திப் பாருங்கள். அடிப்பக்கத்தில், கால்களுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் கல் போல நிற்க வேண்டும். அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றின நண்டு. நண்டின் ஓடு வளராது, பழையதைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டுத்தான் பெரிதாகும், கழற்றினவுடன் உடம்பை நீரால் உப்பவைத்துக்கொள்ளும். பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே சதை இருக்காது. அதைக் கொல்வது வீண்.

அளவு விதியும் ஆண்-பெண் விதியும் இடத்துக்கு இடம் மாறும், பக்கத்துப் பகுதியின் விதியைக்கூட நம்பிப் போகாதீர்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் சேற்று நண்டில் ஆண் மட்டும், ஓட்டின் அகலம் 15 செ.மீ. இருக்க வேண்டும். அடுத்திருக்கும் வடக்குப் பிரதேசத்தில் பெண்ணையும் எடுக்கலாம், ஆணுக்கு 13, பெண்ணுக்கு 14 செ.மீ. அமெரிக்காவின் ஓரிகனில் டஞ்சனெஸ் நண்டு என்றால் ஆண் மட்டும், ஐந்தே முக்கால் அங்குலம், அதுவும் ஓட்டோரத்தின் கடைசி முள்ளைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். அமெரிக்க நீல நண்டையோ முள் நுனியிலிருந்து முள் நுனிவரை அளப்பார்கள். எங்கிருந்து எங்கே அளப்பது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அளவுகோல் வாங்கிப் பயனில்லை. கோடு தொட்டும் தொடாமலும் இருக்கும் நண்டை நான் விட்டுவிடுவேன், நீங்களும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிடித்த நண்டை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன், கரைக்கு வருவதற்குள் செத்துவிட்டது.

தண்ணீர் இல்லாமல் வைத்திருந்தால் பிழைத்திருக்கும். அசையாத கொஞ்சத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை நண்டுகள் சீக்கிரம் தீர்த்துவிடும், அப்புறம் மூச்சுத் திணறித்தான் சாகும். செவுள் ஈரமாக இருந்தால் காற்றிலேயே மணிக்கணக்கில் தாங்கும். மூடியுள்ள பெட்டியில் ஆற்றுநீரில் நனைத்த சாக்கைப் போட்டு, நிழலில், காற்றுப் புகும்படி வையுங்கள். காலடியில் விட்டுவைக்காதீர்கள், வெறுங்காலை நண்டு பிடித்துவிட்டால் நீங்கள் துள்ளுவீர்கள், துள்ளினால் கயாக் கவிழும். சேற்று நண்டானால் கொடுக்கைக் கட்டின பிறகே பெட்டிக்குள் போட வேண்டும்.

கேள்வி: நீச்சல் நன்றாகத் தெரியும். லைஃப் ஜாக்கெட் கட்டாயமா?

கட்டாயம். கயாக்கில் கிடந்தால் போதாது, மேலே போட்டிருக்க வேண்டும். குளிர்ந்த நீர் உள்ள இடங்களில் நீச்சல் திறமை முதல் நிமிடத்தில் உதவவே உதவாது. விழுந்தவுடன் மூச்சு தானாக இழுத்து இழுத்து வரும், தலை அந்த நேரம் நீருக்குள் இருந்தால் முடிந்தது. குளிர்நீரைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர்கள் 1-10-1 என்பார்கள்: மூச்சு கட்டுக்குள் வர ஒரு நிமிடம், கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பது பத்து நிமிடம் மட்டும், உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் கயாக்கில் ஏறிவிட வேண்டும். ஆகவே வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள், கரையோர ஆழமில்லாத நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து திரும்ப ஏறப் பழகிவிட்டு நண்டுக்குப் போங்கள். முதலை இருக்கும் ஆறு என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், வடக்கு ஆஸ்திரேலியாவின் சேற்று நண்டு ஆறுகளில் உவர்நீர் முதலைகள் உண்டு, அங்கே கயாக் இறங்கக் கூடாது.

கேள்வி: திரும்பும்போது நீர் வற்றிச் சேற்றில் தட்டிவிட்டது. இறங்கி இழுக்கலாமா?

இறங்காதீர்கள். மேலே கெட்டியாகத் தெரியும் சேறு இடுப்புவரை வாங்கும். கயாக்கிலேயே உட்கார்ந்து, துடுப்பின் தட்டைப் பக்கத்தால் ஊன்றி, ஈரம் மின்னும் தாழ்வான கோட்டைப் பார்த்து நகர்த்திப் பாருங்கள். நகரவில்லையா, தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருங்கள், சில மணி நேரத்தில் ஏற்றம் வந்து தூக்கிவிடும். கரையில் இருப்பவருக்கு ஃபோனில் தகவல் சொல்லிவிடுங்கள், அவர்கள் பதறி யாரையாவது சேற்றில் அனுப்பாமல் இருப்பார்கள். ஏற்கனவே காலை வைத்து மாட்டிக்கொண்டவர் இழுத்துப் பிடுங்க முயன்றால் இன்னும் இறங்கும். கயாக்கின் மேல் மார்பைப் போட்டுப் படுத்து, எடையைப் பரப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும்.

கேள்வி: ஒரு கூடு தொலைந்துவிட்டது. தேடிப் போவது வீண் வேலை என்கிறார் நண்பர். உங்கள் கருத்து?

தேடிப் போங்கள். தொலைந்த கூடு சும்மா கிடப்பதில்லை, பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே மாட்டின நண்டு பட்டினியில் சாகும், அதுவே இரையாகி அடுத்த நண்டை இழுக்கும், இப்படியே கூடு சிதையும்வரை நடக்கும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீர் மிகவும் கீழே இறங்கும், மிதவை அமிழ்ந்துபோன கூடுகள் அப்போது தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. ஓட்டம் நின்றிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும், போட்ட இடத்திலிருந்து வடியும் திசையில் சரிவைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு போங்கள். மறுபடி நீர் ஓட ஆரம்பித்தால் திரும்பிவிடுங்கள்.

அடுத்த கூட்டில் மூடியையோ ஒரு பக்கத்தையோ எந்தப் பூச்சும் இல்லாத பருத்தி நூலால் கட்டுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இப்படி மக்கும் நூலால் கட்டுவதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள், சட்டம் இல்லாத இடத்திலும் செய்ய வேண்டிய வேலை. நூல் உப்புநீரில் மக்கி அறுந்துவிடும், கதவு திறந்துகொள்ளும், உள்ளே இருப்பது வெளியே நடந்துவிடும். ஒவ்வொரு முறை கிளம்புமுன்னும் அந்த நூலை இழுத்துப் பார்த்து, இற்றுப் போயிருந்தால் மாற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்.